இருபது இருபது நிமிடமாகத் தூங்கி நேரத்தை மிச்சம் பிடிக்க முடியுமா?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

கடலூர் தாழங்குடா பக்கத்திலிருந்து 27 வயது இளைஞர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் வேலை பார்க்கும் ஆலையும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் சாரம் இதுதான்.

சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையில் ஆபரேட்டர். காலை 6 முதல் 2 வரை ஏ ஷிப்ட், 2 முதல் இரவு 10 வரை பி ஷிப்ட், இரவு 10 முதல் காலை 6 வரை சி ஷிப்ட். வாரம் ஒன்றாக மாறும். கூடவே குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறார். படிக்க நேரம் போதவில்லை. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 20 நிமிடம் என்று ஆறு தடவை தூங்கினால் நாளுக்கு இரண்டு மணி நேரத் தூக்கமே போதும் என ஒரு வீடியோவில் பார்த்து முயன்றிருக்கிறார். நான்காவது நாளே முடியவில்லை. அதனால் அந்த ஆட்களே சொல்லும் அடுத்த முறைக்கு மாறியிருக்கிறார்: ஒரே தடவையாக மூன்று மணி நேரம், அதோடு 20 நிமிடக் குட்டித் தூக்கம் மூன்று. மொத்தம் நான்கு மணி நேரம். இது ஐந்து வாரமாக நடக்கிறது.

"முதல் பத்து நாள் நரகம். இப்போது பழகிவிட்டது" என்கிறார். ஆனால் அடுத்த பக்கத்திலேயே, படித்த பாராவையே திரும்பத் திரும்பப் படிப்பதாகவும், வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுவதாகவும், ராத்திரியில் கண்டதையும் தின்று எடை கூடியிருப்பதாகவும் எழுதுகிறார். குட்டித் தூக்கத்திலிருந்து விழிக்கும்போது இரண்டு முறை கை கால் அசையாமல், மார்பில் யாரோ ஏறி உட்கார்ந்து அமுக்கியதுபோல் இருந்திருக்கிறது. அம்மா மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டார். ஒரு நாள் சி ஷிப்ட் முடிந்து பைக்கில் வந்தபோது முதுநகர் தாண்டியது நினைவிருக்கிறது, மஞ்சக்குப்பம் எப்படி வந்தது என்று நினைவில்லை.

அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர், 56 வயது. இரவு 8 மணிக்குப் படுத்து 1 மணிக்கு எழுவார். ஏலம் முடிந்து வந்து, மதியம் பன்னிரண்டரை முதல் இரண்டரை வரை தூங்குவார். "முப்பது வருஷமாக அவரும் துண்டு துண்டாகத்தானே தூங்குகிறார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்பது கேள்வி. கூடவே, ஆழ்ந்த தூக்கம் ஒன்றரை மணி நேரம் இருந்தால் போதும், மற்றதெல்லாம் வீண் என்பது உண்மையா, தூக்கம் வராமல் இருக்க மெடிக்கலில் தரும் மாத்திரையைப் போடலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள தம்பி,

முதலில் வண்டி விஷயம். மற்றதைப் பிறகு பேசுவோம்.

மஞ்சக்குப்பம் வந்தது தெரியாமல் போனதை "கவனம் சிதறிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தூக்கம். கண் திறந்தே இருக்கலாம், கை ஆக்சிலரேட்டரைப் பிடித்தபடியே இருக்கலாம், மூளை மட்டும் சில விநாடிகள் அணைந்துவிடும். 50 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி என்றால் 40 மீட்டருக்கு மேல் வண்டி ஓட்ட ஆளில்லாமல் ஓடியிருக்கிறது. அதுவும் லாரிகள் போகிற சிப்காட் சாலையில். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கவனமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குத் தடுமாறும் என்று ஆஸ்திரேலியாவில் 1997-இல் அளந்து காட்டினார்கள். நம் ஊர்ச் சட்டத்தில் 0.03 சதவீதத்தைத் தாண்டினாலே குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு. தூக்கத்துக்கு ஊதிப் பார்க்கும் கருவி இல்லை என்பதால் உங்களை யாரும் நிறுத்தவில்லை.

அதனால் அடுத்த மூன்று வாரத்துக்கு சி ஷிப்ட் முடிந்து பைக் ஓட்டாதீர்கள். கம்பெனி பஸ், டவுன் பஸ், ஷேர் ஆட்டோ, கூட வேலை செய்பவரின் பின் சீட்டு, எதுவானாலும் சரி. வேறு வழியே இல்லாத நாளில், ஷிப்ட் முடிந்ததும் அரை டம்ளர் காபி குடித்துவிட்டு ஓய்வறையில் 20 நிமிடம் சாயுங்கள். காபியின் வேலை தொடங்கவும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகும். எழுந்து முகம் கழுவி, தலை தெளிந்த பிறகு புறப்படுங்கள். பாட்டுப் போட்டுக்கொள்வது, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் காற்று வாங்குவது எல்லாம் சில நிமிடத்துக்குத்தான் உதவும். உங்கள் வழி 15 கிலோமீட்டர்.

இன்னொன்று. சி ஷிப்டில் இரவு 2 மணிக் குட்டித் தூக்கத்தை "கம்ப்ரசர் ரூம் பின்னாடி, தரை குளிர்ச்சியாக இருக்கும்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். ரசாயன ஆலையில் அதைச் செய்யவே கூடாது. குளோரின், ஹைட்ரஜன் சல்பைடு போன்றவை காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் தரையோடு படிந்து, பள்ளத்திலும் மூலையிலும் தேங்கும். ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையும் தெரியாது. நிற்பவர் தப்பித்துவிடலாம், தரையில் படுத்திருப்பவர் கதி வேறு. இடைவேளையில் தூங்குவதானால் ஷிப்ட் இன்சார்ஜுக்குத் தெரிந்து, அனுமதித்த ஓய்வறையில் மட்டும்.

பிரிப்பது வேறு, குறைப்பது வேறு

உங்கள் கடிதம் முழுக்க இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. தூக்கத்தை இரண்டு பகுதியாகப் பிரித்துக்கொள்வதில் பெரிய குற்றமில்லை. மொத்தத்தைக் குறைப்பதுதான் ஆபத்து. கூட்டிப் பாருங்கள். அப்பா இரவில் ஐந்து மணி நேரம், பகலில் இரண்டு, ஆக ஏழு. நீங்கள் மூன்றும், இருபது இருபது நிமிடமாக ஒன்றும், ஆக நான்கு. அப்பாவின் கணக்கைக் காட்டி உங்கள் கணக்கை நியாயப்படுத்த முடியாது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்பது தூக்க மருத்துவத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு.

அப்பாவைப் பற்றி நீங்களே எழுதிய ஒரு வரி இருக்கிறது: "தடைக்காலத்தில் மட்டும் ராத்திரி ஒன்பதுக்குப் படுத்தால் அஞ்சு மணி வரை அடித்துப் போட்டதுபோல் தூங்குவார்." ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடலுக்குப் போக வேண்டியதில்லை என்றதும் அவர் உடம்பு தானாகவே ஒரே இரவுத் தூக்கத்துக்குத் திரும்பிவிடுகிறது. அப்படியென்றால் முப்பது வருஷமாகத் துண்டு போட்டது கடலும் ஏலமும்தான். உடம்பு அதைப் பொறுத்துக்கொண்டிருக்கிறது, அதுவும் மொத்தம் குறையாததால்.

"பழகிவிட்டது" என்று எழுதியதுதான் எனக்குக் கவலை

2003-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு ஒன்று இந்தத் துறையில் எல்லோரும் அறிந்தது. ஆரோக்கியமானவர்களைக் குழுக்களாகப் பிரித்து, இரவுக்கு நான்கு, ஆறு, எட்டு மணி நேரம் என 14 நாள் தூங்க வைத்தார்கள். திரையில் ஒளி தெரிந்ததும் பொத்தானை அழுத்துவது போன்ற எளிய சோதனைகள். நான்கு மணி நேரக்காரர்களின் தவறுகள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போய், கடைசியில் இரண்டு இரவு அறவே தூங்காதவர்கள் செய்யும் அளவுக்கு வந்து நின்றன. ஆனால் "எவ்வளவு தூக்கக் கலக்கமாக இருக்கிறது?" என்று கேட்டால், முதல் சில நாள் கூடிய எண் அதற்குமேல் அவ்வளவாக ஏறவில்லை. கலக்கம் நின்றுவிட்டதாக நினைத்துக்கொண்டே அவர்கள் மேலும் மேலும் தவறு செய்தார்கள்.

நீங்கள் இப்போது அந்த இடத்தில்தான் இருக்கிறீர்கள். படித்த பாராவையே படிப்பது, எரிச்சல், ராத்திரிப் பசி எல்லாம் தூக்கக் குறைவின் அடையாளங்கள். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் ஏறும், போதும் என்று சொல்லும் லெப்டின் இறங்கும். பரோட்டாக் கடை வாசலில் உங்கள் மன உறுதியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

ஆழ்ந்த தூக்கம் மட்டும் போதும் என்ற கணக்கு

இந்தக் கணக்கு கேட்க நன்றாக இருக்கும், பாதி உண்மையும் உண்டு. தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று நிலைகள். ஆழ்ந்த தூக்கம் முதல் சுற்றுகளில் மிகுதி. கனவுத் தூக்கம் விடியற்காலைப் பக்கம் நீளும். மூன்று மணி நேரத்தில் எழுந்துவிட்டால் ஆழ்ந்த தூக்கம் ஓரளவு கிடைத்திருக்கும். பறிபோவது பெரும்பாலும் கனவுத் தூக்கமும், வீண் என்று நீங்கள் ஒதுக்கிய லேசான தூக்கத்தின் இரண்டாம் நிலையும். கை பழகும் வேலைகளும், பகலில் படித்தவையும் மனதில் பதிய இந்த இரண்டுக்கும் பங்கு இருக்கிறது. தேர்வுக்குப் படிக்கிறவர் முதலில் வெட்டுவது இதையா?

20 நிமிடத்துக்குள்ளேயே கனவு வருகிறது, ஆகவே மூளை சுருக்கமாகத் தூங்கக் கற்றுக்கொண்டுவிட்டது என்பார்கள் இந்த முறைக்காரர்கள். கனவு வருவது உண்மைதான். நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவன் இலை போட்டதும் அள்ளி அள்ளிப் போட்டுக்கொள்வான். அதைப் பார்த்து இவனுக்கு ஐந்து நிமிடச் சாப்பாடு போதும் என்று யாரும் சொல்வதில்லை.

உங்களுக்கு வந்த அமுக்கலும் இதன் விளைவுதான். கனவுத் தூக்கத்தில், கனவில் ஓடுவதற்கேற்பக் கால் உதைக்காமல் இருக்க, மூளை உடம்பின் தசைகளைத் தளர்த்தி வைக்கும். அந்தத் தளர்ச்சி விலகுவதற்கு முன்பே விழிப்பு வந்துவிட்டால் அசைய முடியாது. மூச்சு முட்டுவதுபோல், யாரோ இருப்பதுபோல் தோன்றும். சில விநாடியிலிருந்து ஓரிரு நிமிடத்தில் தானே விலகிவிடும். உயிருக்கு ஆபத்தில்லை. தூக்கம் கெட்டவர்களுக்கும், நேரம் மாறி மாறித் தூங்குபவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது அதிகம் வரும். அம்மா கட்டிய கயிற்றை அவிழ்த்து அவர் மனதைப் புண்படுத்த வேண்டாம், அது பாட்டுக்குக் கையில் இருக்கட்டும். ஒருக்களித்துப் படுங்கள், ஏழு மணி நேரம் தூங்குங்கள்.

வாட்ச் காட்டும் "ஆழ்ந்த தூக்கம் 1 மணி 10 நிமிடம்" என்ற எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். அது கை அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்துப் போடும் ஊகம். எப்போது படுத்தோம், எழுந்தோம் என்பதை ஓரளவு சரியாகச் சொல்லும். தூக்கத்தின் நிலைகளைப் பிரிக்க, தலையில் மின்முனை ஒட்டி மூளை அலையைப் பதிவு செய்ய வேண்டும்.

வீடியோவில் வந்த பெரியவர்கள்: டா வின்சி இப்படித் தூங்கினார் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் கிடையாது. அமெரிக்கக் கட்டிட வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் தூங்கியதாக 1943-இல் டைம் பத்திரிகை எழுதியது. அவரும் பிறகு விட்டுவிட்டார். தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றுபவர்கள் குட்டிக் குட்டித் தூக்கமாகத் தூங்குவது உண்மை. தூங்கிவிட்டால் கப்பல் மோதும் என்பதால் செய்வது அது. அமெரிக்காவின் தேசியத் தூக்க அறக்கட்டளை அமைத்த நிபுணர் குழு, இதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசி 2021-இல் சொன்ன முடிவு: இந்த அட்டவணைகளால் நன்மை என்பதற்குச் சான்று இல்லை, கெடுதலுக்குத்தான் சான்று இருக்கிறது. வலிப்பு நோய், இருமுனை மனநோய், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் விளையாட்டுக்கும் இதைத் தொடக் கூடாது. தூக்கம் கெட்டால் வலிப்பு கிளம்பும்.

சரி, உங்கள் ஷிப்டுக்கு என்னதான் வழி?

ஷிப்ட் வேலையில் தினமும் ஒரே நேரத்தில் எட்டு மணி நேரம் தூங்குங்கள் என்று சொல்வது எனக்குச் சுலபம், உங்களுக்கு நடக்காது. உங்களுக்குப் பிரித்துத் தூங்குவதுதான் சரி, சி ஷிப்ட் வாரத்துக்காவது. ஆனால் இரண்டு துண்டு, அதற்குமேல் வேண்டாம். ஒன்று பெரியதாக இருக்க வேண்டும்.

எந்த நேரத்தில் படுக்கிறோம் என்பதும் முக்கியம். தூக்கத்தை இரண்டு சக்திகள் இழுக்கின்றன. விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்து கூடும் தூக்க அழுத்தம் ஒன்று. வெளிச்சத்தைப் பார்த்து ஓடும் உடல் கடிகாரம் மற்றொன்று. விடியற்காலை நான்கு மணி வாக்கில் உடல் வெப்பம் அடிமட்டத்தில் இருக்கும், தூக்கம் தள்ளும். மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று வரை சின்னச் சரிவு. இரவு எட்டிலிருந்து பத்து வரை, எவ்வளவு களைப்பானாலும், கடிகாரம் விழிப்பைப் பிடித்து வைத்திருக்கும். இதைத் தெரிந்துகொண்டு அட்டவணை போட வேண்டும்.

சி ஷிப்ட் வாரம்: காலை ஆறே முக்காலுக்கு வீடு. இரண்டு இட்லி அல்லது ஒரு டம்ளர் கஞ்சி, அவ்வளவுதான். வயிறு முட்டப் பொங்கலும் வடையும் வேண்டாம். 7.15 முதல் 12.15 வரை முக்கியத் தூக்கம், ஐந்து மணி நேரம். உடல் வெப்பம் ஏறுகிற நேரமாதலால் பகல் தூக்கம் இரவுத் தூக்கத்தைவிட ஒன்றிரண்டு மணி நேரமாவது குறையும். முன்னதாகவே விழிப்பு வந்தாலும் இருட்டிலேயே படுத்திருங்கள், போனை எடுக்காதீர்கள். 1 முதல் 5 வரை படிப்பு. மாலை 5.30 முதல் 7 வரை ஒன்றரை மணி நேரம், அதாவது ஒரு முழுச் சுற்று. இதை 8 மணிக்குத் தள்ளினால் புரண்டுகொண்டிருப்பீர்கள். ஆலையில் அனுமதி இருந்தால் இரவு 2 முதல் 3-க்குள் 20 நிமிடம். கூட்டினால் ஏழுக்குப் பத்து நிமிடம் குறைவு, பரவாயில்லை.

ஏ ஷிப்ட் வாரம்: இரவு 9.45-க்குப் படுத்து 4.30-க்கு எழுவது. முதல் இரண்டு நாள் தூக்கம் தள்ளிப்போகும். ஒன்பது மணியிலிருந்தே டியூப் லைட்டை அணைத்துவிட்டுச் சிறிய விளக்கில் இருங்கள். மதியம் வீட்டுக்கு வந்து மூன்று மணிக்கு 25 நிமிட அலாரம். 4 முதல் 8.30 வரை படிப்பு.

பி ஷிப்ட் வாரம்: இதுதான் உங்கள் பொன்னான வாரம். இரவு 11.45 முதல் காலை 7 வரை ஒரே தூக்கம், குட்டித் தூக்கமே வேண்டாம். காலை 8 முதல் 12 வரை, தலை தெளிந்த நேரத்தில் படிப்பு. கடினமான பாடங்களை இந்த வாரத்துக்கு வைத்துக்கொண்டு, சி ஷிப்ட் வாரத்தில் ஏற்கெனவே படித்ததைத் திருப்பிப் பாருங்கள்.

ஏ, பி இரண்டு வாரத்திலும் நள்ளிரவு 12 முதல் 4.30 வரை நீங்கள் தூக்கத்தில் இருப்பீர்கள். தினமும் ஒரே நேரத்தில் வரும் இப்படிப்பட்ட நான்கு மணி நேரம் இருந்தாலே உடல் கடிகாரம் பெரிதாக அலையாது; மற்றத் துண்டு முன்பின் ஆனாலும் சமாளிக்கும். உங்கள் அட்டவணையிலேயே நான் விடாமல் பிடிக்கச் சொல்வது இந்த நான்கரை மணி நேரத்தைத்தான்.

சி ஷிப்ட் முடிகிற கடைசிக் காலையில் முழுத் தூக்கம் தூங்கிவிடாதீர்கள். 7.30 முதல் 10.30 வரை மட்டும் தூங்கி எழுந்து, மாலையில் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வாருங்கள். அன்றிரவு பத்து மணிக்குமேல் தானாகத் தூக்கம் வரும். இன்னொன்றையும் பாருங்கள். ஷிப்ட் ஏ, பி, சி என்று முன்னோக்கிச் சுற்றுகிறதா, சி, பி, ஏ என்று பின்னோக்கியா? முன்னோக்கி என்றால் படுக்கும் நேரம் தள்ளிப்போகும், உடம்பு அதைச் சுலபமாக ஏற்கும். பின்னோக்கி என்றால் நான்கைந்து பேர் சேர்ந்து இன்சார்ஜிடம் மாற்றக் கேளுங்கள். கம்பெனிக்குச் செலவில்லாத மாற்றம் இது.

குட்டித் தூக்கத்தில் எங்கே தவறு நடக்கிறது

20 நிமிடம், அல்லது 90 நிமிடம். நடுவில் 40, 50 நிமிடத்தில் அலாரம் அடித்தால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பிடுங்கி எழுப்பியதுபோல், தலை கனத்து, அரை மணி நேரத்துக்கு எதுவும் ஓடாது. தூக்கம் பாக்கி உள்ளவர்கள் 20 நிமிடத்துக்குள்ளேயே ஆழ்ந்த தூக்கத்தில் விழுந்துவிடுவார்கள். உங்களுக்கும் இப்போது அப்படித்தான் நடக்கிறது. ஆகவே எழுந்த முதல் 20, 30 நிமிடத்தில் வால்வு திறப்பது, அளவு குறிப்பது, ஏணி ஏறுவது, வண்டி எடுப்பது எதுவும் கூடாது. அதற்கும் சேர்த்துத்தான் இடைவேளை வேண்டும். அது கிடைக்காதென்றால் அந்தத் தூக்கத்தை விட்டுவிடுங்கள்.

பகல் தூக்கத்துக்கு அறை முக்கியம். ஷீட் போட்ட வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். பத்து மணிக்கு மேல் அதன் கீழ் அனல் இறங்கும். மேற்கூரைக்கு வெள்ளை பூசுவதோ, தென்னங்கீற்று பரப்புவதோ வெப்பத்தைக் கணிசமாகக் குறைக்கும். கீற்றை ஈரமில்லாமல், அடுப்புப் புகைபோக்கியிலிருந்து தள்ளிப் போடுங்கள். ஜன்னலுக்குக் கறுப்பு சார்ட் அட்டையை வெட்டி, ஓரத்தில் வெளிச்சம் கசியாமல் டேப் ஒட்டுங்கள். டேபிள் ஃபேன் காற்றோடு சேர்த்து ஒரே மாதிரி இரைச்சலையும் தரும். தெருச் சத்தம் அதில் அமுங்கும். மீன்கார அம்மா கூவுவதை நிறுத்த முடியாது, காதில் பஞ்சடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டியது ஒன்று: ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவரை எழுப்பி கேஸ் புக் பண்ணச் சொல்ல மாட்டோம், உங்களுக்குக் காலை பத்து மணி அப்படிப்பட்ட நேரம்.

காபி, எனர்ஜி பானம், மாத்திரை

காபியிலுள்ள காஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். காலை 7.15-க்குப் படுக்க வேண்டியவர் அதிகாலை 4 மணிக்கு டீ குடித்தால் தூக்கம் மேலோட்டமாகத்தான் இருக்கும். சி ஷிப்டில் கடைசிக் காபி 1.30 மணிக்கு, அதற்குமேல் வெந்நீர். எனர்ஜி பானம் ஒரு 250 மி.லி. டின்னில் ஏறக்குறைய 75 முதல் 80 மில்லிகிராம் காஃபீன், கூடவே சர்க்கரை. உங்கள் எடைக்கு அதுவும் ஒரு காரணம்.

நீங்கள் பெயர் எழுதியிருக்கும் மாத்திரை மொடாஃபினில். மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாத மருந்து. விழித்திருக்கச் செய்யும், தூங்கியதாக ஆக்காது. தவறு செய்கிற ஆளைத் தவறு செய்வது தெரியாமல் விழித்திருக்க வைக்கும். தலைவலி, படபடப்பு, ரத்த அழுத்த ஏற்றம் வரலாம். அரிதாகத் தோல் உரியும் அளவுக்கு ஒவ்வாமையும் உண்டு. ஸ்ட்ரிப்பைத் தூக்கிப் போடுங்கள்.

பழைய நிலைக்கு வர ஒரு வார விடுமுறைத் தூக்கம் போதாது. இரண்டு மூன்று வாரம் ஆகும். முதல் சில நாள் ஒன்பது, பத்து மணி நேரம்கூடத் தூங்குவீர்கள், கனவுகள் ஏராளமாக வரும். பயப்பட வேண்டாம், நோட்டில் படுத்த நேரமும் எழுந்த நேரமும் மட்டும் குறித்து வாருங்கள்.

தேர்வைப் பற்றி ஒன்று. குரூப் 2 முதல்நிலைத் தேர்வு மூன்று மணி நேரத்தில் 200 கேள்வி. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவு. தேர்வு நடப்பது முற்பகலில். சி ஷிப்ட் வாரத்தில் அது உங்கள் உடம்புக்கு நடுராத்திரி. தேர்வுக்கு முந்திய வாரம் சி ஷிப்ட் விழுந்தால் இப்போதே யாரிடமாவது மாற்றிக்கொள்ளுங்கள். மாற்ற முடியாவிட்டால் தேர்வுக்கு முன் மூன்று இரவாவது விடுப்பு போடுங்கள். ஐந்து வாரமாக நாளுக்கு மூன்று மணி நேரம் மிச்சம் பிடித்ததைவிட இந்த மூன்று இரவு அதிக மார்க் தரும்.

அப்பாவின் குறட்டை

கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தாலும் எனக்கு இது பெரிதாகப் படுகிறது. அப்பாவின் குறட்டை பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது, மூச்சு நின்று நின்று வருகிறது என்று அம்மா சொல்கிறார், பிரஷர் மாத்திரை போடுகிறார், கடலுக்குப் போய் வந்தால் உடம்பு வலிக்கு ஒரு குவார்ட்டர். அவர் துண்டு துண்டாகத் தூங்குவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. தூக்கத்தில் தொண்டை மூடிக்கொண்டு மூச்சு தடைபடும் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். ஏழு மணி நேரம் படுத்தாலும் ஒவ்வொரு முறை மூச்சு அடைபடும்போதும் மூளை அரைகுறையாக விழித்துக்கொள்ளும். ஒழுங்காக அடங்காத ரத்தக் கொதிப்புக்கும், போட்டில் உட்கார்ந்தபடியே கண் அயர்வதற்கும் இது காரணமாகலாம். ஆல்கஹால் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். குவார்ட்டர் போட்ட நாளில் குறட்டை கூடுகிறதா என்று அம்மாவைக் கேளுங்கள்.

அவர் தூங்கி ஒரு மணி நேரம் ஆன பிறகு, முகமும் மார்பும் தெரியும்படி ஐந்து நிமிடம் போனில் வீடியோ எடுங்கள். குறட்டை சட்டென்று நின்று, மார்பு மட்டும் ஏறி இறங்கி, பிறகு ஒரு திணறலோடு மூச்சு திரும்புகிறதா? அந்த இடைவெளி பத்து விநாடிக்கு மேல் போகிறதா? சட்டைக் காலர் அளவு 40 செ.மீ.க்கு மேலா என்றும் பாருங்கள். மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ நெஞ்சக நோய் மருத்துவரிடமோ காட்டலாம். இரவு முழுக்கப் பதிவு செய்யும் தூக்கப் பரிசோதனை தேவைப்பட்டால் கோரிமேடு ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். தூக்க மாத்திரை மட்டும் யாரும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

போகும்போது அவர் போடும் பிரஷர் மாத்திரைச் சீட்டையும் அந்த வீடியோவையும் கொண்டு போங்கள். அம்மாவும் கூட வந்தால் நல்லது. ராத்திரியில் அவர் மூச்சைப் பார்த்தவர் அம்மாதான்.